எட்டு நிமிடக் குளிர்

அக்கா அன்று மூன்று பேரைக் கொன்றாள். முதல் ஆளுக்குப் பின்னாலிருந்து கோடரி, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். இரண்டாவது ஆள் திரும்புவதற்குள் முழங்காலில் ஒரு வெட்டு, விழுந்ததும் தலையில் ஒன்று. மூன்றாவது ஆள் தன் கோட்டைக் கழற்றிப் பனியில் வைத்துவிட்டு, உயிரை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினான். அக்கா கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு அவனையும் வெட்டினாள். ஹெட்போனைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, டீ போடட்டுமா என்று கேட்டாள்.

அது எங்கள் நிறுவனம் செய்துகொண்டிருந்த கணினி விளையாட்டு. இன்னும் வெளியாகவில்லை. சில நூறு பேர் மட்டும் சோதனைக்காக ஆடிக்கொண்டிருந்தார்கள். நாற்பது பேரை ஒரு பனிக்காட்டில் வெறும் சட்டையோடு இறக்கிவிடுவோம். கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயித்தார். ஓநாய் உண்டு, பசி உண்டு, மற்ற முப்பத்தொன்பது பேரும் உண்டு. ஆனால் முதல் எதிரி குளிர். திரையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். அது உடம்பின் சூடு. காற்றடித்தால் குறையும், நனைந்தால் வேகமாகக் குறையும், நெருப்பருகே போனால் ஏறும். பட்டை தீர்ந்தால் ஆளும் தீர்ந்தான்.

அந்தப் பட்டை என் வேலை.

நான் இயற்பியல் படித்தவள். நேர்காணலில் நான் பேசியது மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்படி மூன்று முறை கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். மனித உடம்பு எப்படிச் சூட்டை இழக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதினேன். வேலை கிடைத்தது. அதன் பிறகும் யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

என் முதல் கணக்கில் பொய் எதுவும் இல்லை. உடம்பின் எடை, தோலின் பரப்பு, துணியின் கனம், வெளியே உள்ள குளிர். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரியில், காற்று இல்லாத இடத்தில், வெறும் சட்டையோடு நிற்கும் ஒருவர் சாக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும் என்று வந்தது. அதை எங்கள் குழுத் தலைவரிடம் காட்டினேன். அவரை அலுவலகத்தில் எல்லோரும் ஸ்வெட்டர் என்று கூப்பிடுவார்கள். பனிக்காட்டில் ஆயிரம் பேரைச் சாகடிக்கிற மனிதர், ஏசிக்கு நேர்கீழே உட்கார்ந்ததால் வருடம் முழுவதும் ஸ்வெட்டரோடு இருந்தார்.

"ரெண்டு மணி நேரமா? அதுக்குள்ள ஆடறவன் போரடிச்சே செத்துருவான்," என்றார். "எட்டு நிமிஷம். எட்டாவது நிமிஷம் ஆள் விழணும்."

அது உண்மை இல்லையே என்று சொன்னேன். அல்லது சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அன்று மாலை கணக்கின் கடைசி வரியில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பதினைந்து என்று எழுதினேன். இழப்பு எல்லாம் பதினைந்து மடங்கு. வெறும் சட்டைக்கு எட்டு நிமிடம். கம்பளிக்கு இருபது. நனைந்த சட்டைக்கு மூன்று. சட்டைக்குள் அட்டையோ வைக்கோலோ திணித்துக்கொண்டால் மும்மடங்கு, அதாவது இருபத்து நான்கு.

அக்காவுக்கு இந்த எண்கள் வாய்ப்பாடு போலத் தெரியும். அவற்றுக்கு முன்னால் பதினைந்து என்று ஒரு எண் இருப்பது தெரியாது. நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அக்கா குளிர்பதனக் கிடங்கில் பேக்கிங் வேலை செய்தாள். உறைந்த மீனையும் இறைச்சியையும் பெட்டியில் அடுக்கி ஒட்டும் வேலை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை. அவள் கணவர் அங்கேதான் சூப்பர்வைசர். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு ஆறு மணிக்குத்தான் வேலை முடியும். வாரத்தில் மூன்று நாள் நான் என் அறையிலிருந்தே வேலை பார்த்தேன். அந்த மூன்று நாளும் அக்கா இரண்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போவாள். சோதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று முதல் நாள் நான்தான் உட்கார வைத்தேன். இரண்டே வாரத்தில் அவள் பெயரைப் பார்த்தால் மற்றவர்கள் பாதை மாறிப் போனார்கள்.

வீட்டில் கரப்பான் பூச்சியைக்கூட முறத்தில் வாரி வெளியே விடுகிறவள் அவள். விளையாட்டில் வேறு ஆள். அவளுக்கென்று இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, தீ மூட்டக் கூடாது. "புகை போட்டா, வந்து கொல்லுங்கடான்னு வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடற மாதிரி," என்பாள். இரண்டு, கோடரியை வீணாக்கக் கூடாது. குடிசைக்குள் யாராவது ஒதுங்கியிருந்தால், தோல்பையிலிருந்த தண்ணீரை அவன்மேல் ஊற்றிவிட்டுக் கதவை வெளியே முட்டுக் கொடுத்துவிடுவாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் நிற்பாள். உள்ளே தட்டுவான், திட்டுவான், கெஞ்சுவான். மூன்று நிமிடத்தில் சத்தம் நிற்கும்.

ஒரு நாள் ஆடி முடித்து முகம் கழுவும்போது அவள் சட்டைக் கையை மேலே மடக்கினாள். முழங்கைக்கு மேலே நான்கு விரல் தடம். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். பெட்டி இடித்துவிட்டது என்றாள். பெட்டிக்கு விரல் ஏது என்று நான் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை கதவைத் தாழிடாமல் விட்டிருந்தோம். நான் டீ வடிகட்டிக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு புது ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அபூர்வமாக அப்படியும் செய்வாள். ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்த யாரோ ஒரு பையன். அவனிடம் மைக்கில், "சட்டையைக் கழட்டு, சீக்கிரம். உள்ள வா, என் பக்கத்துல ஒட்டி உக்காரு," என்று சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்தால் பட்டை மெதுவாகக் குறையும். அதுவும் நான் எழுதிய விதிதான்.

கதவருகே மாமா நின்றுகொண்டிருந்தார்.

அவர் நேராக வந்து ஹெட்போனை அவள் தலையோடு சேர்த்துப் பிடித்து மேசையில் மோதினார். இரண்டாவது முறை மோதியபோது ஏதோ உடைந்தது. ஹெட்போன் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் வாயிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது. மேசையில் கிடந்த சார்ஜர் வயரை உருவி அவள் முதுகில் அடித்தார். அவசரமில்லாமல், ஒவ்வொரு அடிக்கும் இடம் பார்த்து அடித்தார். அக்கா கத்தவில்லை. அவளுக்கு அது பழக்கம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் இரண்டு கையிலும் டீ டம்ளரோடு நின்றேன். வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. தரையில் கிடந்த ஹெட்போனிலிருந்து அந்தப் பையனின் குரல் சின்னதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா, இருக்கீங்களா, எனக்குப் பட்டை குறையுது என்றது.

களைத்ததும் மாமா என் கட்டிலில் உட்கார்ந்தார். என் கையிலிருந்த ஒரு டம்ளரை வாங்கிக் குடித்தார். "அடிக்கிற கைதான் அணைக்கும். படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா?" என்று என்னிடம் சொன்னார். பிறகு அக்காவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். படியில் அவள் தடுமாறியபோது தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பார்த்தவர்கள் நல்ல கணவர் என்று நினைத்திருப்பார்கள்.

கீபோர்டின் இடுக்கிலிருந்து ஒரு பல் துண்டை எடுத்துத் தாளில் மடித்து வைத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பதினொன்று முப்பத்தைந்துக்கு அவள் போன் வந்தது.

"உடனே வா. கிடங்குக்கு. யார்கிட்டயும் சொல்லாத."

என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அவனைக் கொன்னுட்டேன்டி," என்றாள். அவரை அவன் என்று அவள் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

கால்மணி நேர நடை. ஓடினேன். ஞாயிறு கிடங்கில் ஆள் இருக்காது. குளிர் அளவைக் குறித்து வைக்க சூப்பர்வைசரும் உதவிக்கு ஒருவரும் போதும். அந்த ஒருவராக அன்று மாமா அக்காவைப் போட்டிருந்தார். வாசல் கூண்டில் இருந்த வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும். அக்காவின் சாப்பாட்டுப் பையைச் சில தடவை கொடுத்திருக்கிறேன். ரேடியோவிலிருந்து தலையைத் தூக்காமலே உள்ளே போகச் சொன்னார்.

உறைபதன அறைக்கு முன்னால் ஒரு சின்ன அறை உண்டு. கோட்டுகள் மாட்டும் இடம். அங்கே அக்கா ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கோட்டுகள் போட்டிருந்தாள். கழுத்தோரம் அட்டை துருத்திக்கொண்டிருந்தது. உதடு நீலமாக வெடித்திருந்தது. தரை ஈரமாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய இரும்புக் கதவின் கொண்டியில் ஒரு தடித்த ஆணி செருகியிருந்தது.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. ஓரடி கனமான கதவு. சத்தம் தலையணையை அடிப்பது போல வந்தது.

"எப்பவோ முடிஞ்சிருக்கணும்," என்றாள் அக்கா. "ஏன் இன்னும் தட்டிட்டிருக்கான்?"

நடந்ததைத் துண்டு துண்டாகச் சொன்னாள். காலையில் ஏதோ பெட்டி எண்ணிக்கையில் அவள் எதிர்த்துப் பேசியிருக்கிறாள். ரொம்பக் குளிர் விட்டுப் போச்சு உனக்கு என்று மாமா சொல்லி, அவள் கோட்டை உருவிக்கொண்டு, முடியைப் பிடித்து உள்ளே தள்ளி ஆணியைப் போட்டுவிட்டார். உள்ளிருந்து கதவைத் திறக்கும் குமிழ் உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. சரிசெய்ய வேண்டியவர் அவர்தான். உள்ளே ஆள் மாட்டினால் அடிக்கும் மணியின் வயரையும், சும்மா சும்மா அடிக்கிறது என்று அவரே பிடுங்கி வைத்திருந்தார். அப்போது மணி பதினொன்று எட்டு.

அக்கா விளையாட்டில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். தரையில் நிற்காமல் பெட்டிமேல் ஏறினாள். பெட்டிகளைக் கிழித்து அட்டையைத் துணிக்குள் திணித்தாள். சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக்கை உடம்பில் சுற்றினாள். பிறகு எண்ண ஆரம்பித்தாள்.

"அட்டை வெச்சா இருபத்தி நாலு," என்றாள். "இருபத்தி நாலாவது நிமிஷம் செத்துருவேன்னு எண்ணிட்டே இருந்தேன். இருபத்தி ரெண்டுல திறந்தான். அழறேனான்னு பார்க்கறதுக்கு. எனக்கு இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. அப்ப எதை யோசிக்கறது?"

கதவுக்குப் பின்னால் நின்று, கல்லாக உறைந்த ஒரு மீன் கட்டியை இரண்டு கையாலும் தூக்கி அவர் முகத்தில் அடித்திருக்கிறாள். மூக்கு உடைந்தது. குனிந்தவரின் முழங்காலில் அடுத்த அடி. அவர் விழுந்த பிறகும் தோளில், கையில், எங்கே பட்டதென்று தெரியாமல் அடித்தாள். பிறகு அவரைத் தாண்டி வெளியே வந்து, காலால் உள்ளே தள்ளி ஆணியைப் போட்டாள். மணி பதினொன்று முப்பது.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அக்கா, அந்த எட்டு நிமிஷம் பொய்."

"என்ன பொய்?"

"எல்லாத்தையும் பதினஞ்சால பெருக்கியிருக்கேன். நிஜத்துல ஆள் சாக ரெண்டு மணி நேரம் ஆகும்."

அவள் என்னைப் பார்த்தாள். "எதுக்குப் பெருக்கினே?"

"ஆடறவங்களுக்குப் போரடிக்குமாம்."

அவள் உடைந்த பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டாள். அந்தப் பக்கம் தட்டுவது நின்று, குரல் கேட்டது. வெளியே வந்தால் அவள் தோலை உரிப்பேன் என்றது. தங்கச்சியையும் சேர்த்து என்றது. நான் வந்திருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று புரியவில்லை. என் குரல்கூட அந்தக் கதவைத் தாண்டியிருக்கிறது.

திறக்க முடியாது. திறந்தால் அவர் சொன்னதைச் செய்வார். திறக்காமலும் விட முடியாது. விட்டால் அக்கா ஆயுள் முழுக்கச் சிறையில் இருப்பாள். அவர் என்ன ஆனாலும் எனக்குப் பரவாயில்லை. அவரால் இவள் என்ன ஆவாள் என்பதுதான் கேள்வி. கணக்குப் போட்டேன். அது ஒன்றுதான் எனக்குச் சத்தமில்லாமல் வரும். அந்த அறையிலும் ஏறக்குறைய அதே இருபத்திரண்டு டிகிரிக் குளிர்தான். சட்டையோடு இரண்டு மணி நேரம். பாதுகாப்புக்கு அதில் பாதி. பன்னிரண்டரைக்குத் திறந்தால் நடுங்கிக்கொண்டு உயிரோடு வருவார். இப்போது பதினொன்று ஐம்பத்தைந்து. அதற்குள் நாங்கள் பஸ்ஸில் வெகுதூரம் போய்விடலாம். அடுத்த ஊரில் என் கல்லூரித் தோழி ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தாள். சரியாகப் பன்னிரண்டரைக்கு வாட்ச்மேனுக்கு போன் செய்து திறக்கச் சொல்லலாம்.

அக்காவிடம் சொன்னேன். அவள் கதவைப் பார்த்தாள், ஆணியைப் பார்த்தாள். பிறகு எழுந்து கோட்டுகளை மாட்டிவிட்டு என்னோடு வந்தாள். வாட்ச்மேன் கூண்டில் ஒட்டியிருந்த போன் எண்ணைப் போகிற போக்கில் மனப்பாடம் செய்துகொண்டேன்.

பஸ்ஸில் கடைசிக்கு முந்தின இருக்கை கிடைத்தது. அக்கா ஜன்னலோரம். அவளுக்கு இப்போதுதான் நடுக்கம் வந்தது. அவள் கைகளை என் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தேன். அவள் துணிக்குள் அட்டை சரசரத்தது.

"சும்மா ஒண்ணும் பயப்படல நான்," என்றாள். "மூணு நிமிஷம்னு நெனச்சு கடிகாரத்தைப் பார்த்துட்டே இருந்தேன். பத்து ஆச்சு. பதினஞ்சு ஆச்சு. பேயோன்னு பயந்துட்டேன்."

"எட்டு நிமிஷம்," என்றேன். "சட்டைக்கு எட்டு."

"மூணு. நனைச்சேன்ல."

என் கை நின்றது.

"தரை கழுவற வாளி அங்கேயே இருந்தது," என்றாள். "மேல ஊத்திட்டுத்தான் கதவைச் சாத்தினேன். எப்பவும் அப்படித்தானே."

எப்பவும் அப்படித்தான். முன்னறையின் ஈரத் தரையை நான் பார்த்திருந்தேன். பார்த்தும் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்றைப் பதினைந்தால் பெருக்கினால் நாற்பத்தைந்து. பதினொன்று முப்பதோடு நாற்பத்தைந்து. பன்னிரண்டே கால். போனில் மணி பார்த்தேன். பன்னிரண்டு எட்டு. அந்த அறையில் விசிறிகள் ஓடும். அவற்றை என் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எண்ணை அழுத்தினேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு," என்றாள்.

"செத்துருவாரு."

"சாகட்டும். நீ ரெண்டு மணி நேரம்னு சொன்னதாலதான் எழுந்து வந்தேன்."

அவள் போனைப் பிடுங்கப் பார்த்தாள். நான் விடவில்லை. அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பின்னால் வளைத்தாள். நான் குனிந்து அவள் கையைக் கடித்தேன். அவள் என்னை அறைந்தாள். நான் பிறந்ததிலிருந்து அவள் என்னை அடித்தது அதுதான் முதல்முறை. இரண்டாவது அறையில் என் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

போனில் வாட்ச்மேன் ஹலோ என்றார். பின்னால் ரேடியோ பாடியது.

சொன்னேன்.

"யாரும்மா? கேக்கல. சத்தமா பேசு," என்றார்.

மறுபடி சொன்னேன். அக்கா என் முடியைப் பிடித்து இழுத்தாள். கேக்கலம்மா, வைக்கட்டுமா என்றது போன்.

"ஃப்ரீசர்ல ஆள் இருக்கு," என்று கத்தினேன். "ஆணியை எடுத்துட்டுத் திற. இப்பவே ஓடு. ஓடுய்யா."

பஸ் முழுவதும் திரும்பியது. கண்டக்டர் பாதி கிழித்த டிக்கெட்டோடு நின்றார். அந்தக் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. தொண்டையில் ரத்த ருசி வந்தது. போனை ஓரமாக வைத்துவிட்டு வாட்ச்மேன் ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா என் முடியை விட்டாள். எழுந்து போய் மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். புதன்கிழமை டீ டம்ளரோடு நின்றவள், இவனுக்காகக் கத்துகிறாள் என்று நினைத்திருப்பாள். நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

பன்னிரண்டு இருபதுக்கு வாட்ச்மேன் கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. உயிர் இருக்கிறது என்றார். மூலையில் சுருண்டு கிடந்தார், நடுக்கம்கூட இல்லை, தன்னையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்றார். குரலைத் தாழ்த்தி, சட்டையைக் கழற்றிப் போட்டிருந்தாரம்மா, அந்தக் குளிரில் ஏன் சட்டையைக் கழற்றினார் என்று கேட்டார். ரொம்பக் குளிர்ந்து போனால் கடைசியில் உடம்பு எரிவது போல இருக்கும், அப்போது துணியை அவிழ்ப்பார்கள். நான் படித்திருக்கிறேன். விளையாட்டில் அதைச் சேர்க்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிடச் சொன்னேன். எப்போது திறந்தார் என்று கேட்டேன். ரேடியோவில் பன்னிரண்டே கால் செய்திக்கு ஒரு நிமிடம் இருந்தது என்றார்.

கடைசி நிறுத்தத்தில் அக்கா எனக்காகக் காத்து நின்றாள்.

"எத்தனை நிமிஷம்?"

"நாற்பத்தி நாலு."

"உன் கணக்கு?"

"நாற்பத்தஞ்சு."

தலையாட்டினாள். விடுதி வரை நடந்தோம். வாசலில் சொன்னேன், கத்தியது அவருக்காக இல்லை என்று.

"தெரியும்," என்றாள். "அதான் கோவம்."

மாமா போலீசிடம் வாயைத் திறக்கவில்லை. ஆணி அவர் வைத்தது, வயர் அவர் பிடுங்கியது, குமிழ் அவர் சரிசெய்யாதது. கதவு தானாக மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னாராம். வலது கையில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியிருந்தது. நான் ஊர் திரும்பிய பின், வார்டன் தோழி மூலமாக அதை விடுதியிலிருந்த அக்காவிடம் சொன்னபோது, "அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்வான்ல. இனிமே மூணு விரல்ல அணைக்கட்டும்," என்று பதில் வந்தது. அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. என் போனை அவள் எடுக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போன முதல் நாளே கடைசி வரியிலிருந்த பதினைந்தை அழித்தேன். யாரையும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஸ்வெட்டர் என் மேசைக்கு வந்தார். குளிரில் ஒருவர்கூடச் சாகவில்லை, எல்லோரும் ஒருவரை ஒருவர் வெட்டித்தான் சாகிறார்கள், இது என்ன என்று கேட்டார்.

"இதுதான் நிஜம்," என்றேன்.

"என்ன?"

இன்னொரு முறை சொன்னேன். அலுவலகத்தில் நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஸ்வெட்டரின் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். சரி, ஒரு வாரம் பார்க்கலாம் என்றார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு மதியம் சோதனைக்காக நானே பனிக்காட்டில் இறங்கினேன். எனக்கு ஆட வராது. கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு பாறையடியில் நின்று பட்டை குறையும் வேகத்தைக் குறித்துக்கொண்டிருந்தேன். பின்னால் காலடி கேட்டது. திரும்பினேன். வந்த ஆளின் தலைக்கு மேல் அக்காவின் பெயர். விடுதிக் கணினியிலிருந்து வந்திருப்பாள்.

அவள் கோடரியை ஓங்கினாள். நான் நகரவில்லை. முதல் வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். இரண்டாவது முழங்காலில். மூன்றாவது தேவையே இல்லை. அதையும் போட்டாள். என் கோட்டை உருவி எடுத்தாள். திரை சிவந்து இருண்டது.

சோதனைக்கு இறங்கும் நிறுவனத்து ஆட்களுக்கு மட்டும் செத்தாலும் திரும்ப உயிர் வரும். வந்தபோது காட்டின் மறுகோடியில், வெறும் சட்டையோடு இருந்தேன். பட்டை மெதுவாகக் குறைந்தது. இப்போது எனக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. சுற்றிப் பார்த்தேன். மலைக்கு அந்தப் பக்கம், யார் கண்ணுக்கும் தப்பாதபடி, கம்பி போல் புகை எழுந்துகொண்டிருந்தது. அக்கா தீ மூட்டியிருந்தாள்.

நடக்க ஆரம்பித்தேன்.